முதலிடுமுன் படிக்கச் சில நூல்கள்

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாட் காலை, எமது தமக்கையாரின் இளைய மகன் எம்மைக் காண வந்தான். சுன்னாகச் சந்தைக்கு அண்மையில் ஒரு பேக்கரி தொடங்க எண்ணியிருப்பதாகவும், இடம் பார்த்தாயிற்று என்றும், போறணை கட்ட ஆள் பேசியாயிற்று என்றும், முதலுக்குத் தாயாரின் காப்புகள் இரண்டையும் சங்கிலியையும் அடைவு வைக்கப் போவதாகவும் கூறினான். கூறிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான். அதிலே பதினொரு நூல்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. வணிகத்திலும் வாழ்க்கையிலும் முன்னேற விரும்புவோர் தவறாது படிக்க வேண்டியவை என்று நண்பர்கள் கொடுத்த பட்டியலாம்.

"அம்மான், நீங்கள் நிறையப் படிக்கிறனீங்கள். இதுகளுக்குள்ளை எதை முதலிலை படிக்கிறது?" என்று கேட்டான்.

வணிகத்தில் வென்றவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவன் தோற்றவரிடம் கேட்டுவிட்டான். ஏ-9 பாதை 2002 இல் திறக்கப்பட்டதும் யாழ்ப்பாணத்திலே புதுக் கடைகள் பல முளைத்தன. எமது கடையும் அவற்றுள் ஒன்று. 2003 தை மாதத்திலே கொப்பி, கடதாசி, பேனை விற்கும் கடையொன்றைத் திறந்தோம். புறக்கோட்டையிலிருந்து லொறியிற் சரக்கு வரும். பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் கடைவாயிலிற் கால்வைக்க இடமிராது. 2006 ஆவணியில் பாதை மூடப்பட்டது. சரக்கு நின்றது, கடையும் நின்றது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எமக்கு மனப்பாடமாகிவிட்டது. கேட்டவர் எல்லோரும், "பாதை பூட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அனுதாபப்பட்டனர். கடை போயிற்று. கடை நடத்துவதற்கென்று வாங்கிப் படித்த நூல்கள் மாத்திரம் எமது அலுமாரியின் மேற்தட்டிலே இன்றும் இருக்கின்றன. கீழ்த்தட்டிலே கடையின் கணக்குக் கொப்பிகள் பழந்துணியிற் கட்டுண்டு கிடக்கின்றன.

மருமகனின் பட்டியலைப் பார்த்தோம். முதலாவதாக நின்றது நெப்போலியன் ஹில் என்னும் அமெரிக்கர் 1937 இல் வெளியிட்ட நூல். செல்வத்தை நினைத்தால் செல்வம் சேரும் என்பது அதன் போதனை. அதனை நாமும் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து படித்தோம். விடியும்வரை பெருஞ் செல்வராகவே இருந்தோம். காலையிற் கடையைத் திறந்தபோது மின்சாரக் கட்டணச் சிட்டை வந்திருந்தது. அடுத்தது டேல் கார்ணகியின் நூல். நண்பரைத் தேடிக்கொள்வது எப்படி, பிறர் மனத்தை வசமாக்குவது எப்படி என்று 1936 இல் எழுதியது. நல்ல நூலே. வாடிக்கையாளரின் பெயரை நினைவில் வைத்துக்கொள், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள் என்கிறது. ஆனால் எம்மூர்க் கடைக்காரனுக்கு வாடிக்கையாளரின் பெயர் மட்டுமன்றிப் பாட்டனாரின் பெயரும் தெரியும். எமக்கிருந்த துன்பமே அதுதான். இவ்வளவு தெரிந்தவரிடம் கடனைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று கார்ணகி எங்கும் சொல்லவில்லை.

"இவை பிறகு ஆகட்டும்" என்று சொல்லி, மேற்தட்டிலிருந்து சாமுவேல் ஸ்மைல்சின் நூலை எடுத்துக் கொடுத்தோம். இன்று கடைகளிற் குவிந்திருக்கும் முன்னேற்ற நூல்களுக்கெல்லாம் அதுவே பாட்டன் என்னலாம். ஸ்மைல்ஸ் 1812 இல் ஸ்கொத்துலாந்திற் பிறந்தவர். வைத்தியம் கற்று, பின்னர் பத்திரிகை ஆசிரியராகி, புகையிரதக் கொம்பனியிற் செயலாளராகவும் இருந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே தொழிலாள இளைஞர் சிலர், ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பதற்காக ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். கொள்ளை நோய்க் காலத்தில் வாந்திபேதிக்காரரைக் கிடத்தியிருந்த அறை அது. ஆகையால் வேறெவரும் அதனை வாடகைக்கு எடுக்க விரும்பவில்லை. அந்த இளைஞர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி 1845 இல் ஸ்மைல்ஸ் ஆற்றிய சொற்பொழிவுகளே வளர்ந்து நூலாயின. வெளியிட ஒருவர் மறுத்ததனால் கையெழுத்துப் பிரதி சில ஆண்டுகள் கிடந்து, 1859 இல் வெளிவந்தது. தன் கையே தனக்கு உதவி என்பதுதான் நூலின் சாரம். குயவர், நெசவாளர், பொறியியலாளர் என்று எத்தனையோ பேரின் உழைப்பை அதிற் காணலாம்.

அந்நூல் 1871 இல் யப்பானிய மொழியில் வந்தது. பெயர்த்தவர் நக்கமூரா மசனவோ. தச்சர் ஒருவரின் மகனான தொயோடா சக்கிச்சி என்னும் இளைஞர் அதனைப் படித்து ஊக்கம் கொண்டார். அவர் 1891 இல் மரத்தறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். 1924 இல் அவர் நிறைவேற்றிய தறியிலே ஒரு நுட்பம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் பழுதான துணி முழம் முழமாக நெய்யப்பட்டுக்கொண்டே போகும் அன்றோ? அத்தறித் தொழிலிலிருந்தே அவருடைய குடும்பத்தாரின் மோட்டார் வண்டித் தொழிலும் பின்னர் பிறந்தது. எம்மூர் வீதிகளில் ஓடும் வான்களைப் பார்க்கும்போதெல்லாம், லீட்ஸ் நகரத்து வாந்திபேதி அறை எமது நினைவுக்கு வருவதுண்டு.

ஆயினும் ஸ்மைல்சிடம் எமக்கொரு குறை உண்டு. அது அவர் காலத்திலேயே சிலர் சொன்ன குறைதான். வென்றோரைப் பற்றியே எழுதுகிறீரே, தோற்றோர் எத்தனையோ பேர் இருக்கின்றனரே, பெரியோர் சரிதங்களை எழுதிய பண்டைப் புளூட்டாக்கைப் போலத் தோல்விக்கும் ஒரு சரித ஆசிரியர் வேண்டாமா என்று அவரைக் கேட்டனர். 1866 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் இதற்கு விடை சொல்கிறார். வெறுந் தோல்விகளின் பட்டியல் படிப்போரைச் சோர்வடையச் செய்யும், அதனாற் கற்பதற்கும் ஒன்றும் இராது என்பது அவர் கருத்து. சோர்வடையச் செய்யும் என்பது மெய். கற்பதற்கு ஒன்றும் இராது என்பதை நாம் ஒப்பவில்லை. வரவுப் பக்கம் மாத்திரம் எழுதிய பேரேட்டைக் காட்டி எந்தக் கணக்கப்பிள்ளையும் சம்பளம் வாங்க முடியாது. முன்னேற்ற நூல்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

இக்காரணம் பற்றியே, ஒரே ஒரு நூலைத்தான் தரலாம் என்றால் நாம் பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதையைத் தருவோம். 1771 இல், தம் மகனுக்கு எழுதும் கடிதமாக அவர் அதனைத் தொடங்கினார், கடைசிவரை முடிக்கவில்லை.

பிராங்கிளின் 1706 இல் பொஸ்ரன் நகரில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்து, பதினேழாம் வயதில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி, பிலடெல்பியா வந்து சேர்ந்தார். வந்ததும் மூன்று பென்சுக்குப் பாண் கேட்டார். அவ்வூர் விலை அவருக்குத் தெரியாது. பேக்கரிக்காரர் ஊதிப் பருத்த பாண் மூன்றைத் தூக்கிக் கொடுத்தார். பையில் இடமில்லை. கமக்கட்டுக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றபடி தெருவழியே நடந்தார். பின்னாளில் அவருக்கு மனைவியாக வந்த பெண் தன் வீட்டு வாயிலில் நின்று இந்தக் கோலத்தைக் கண்டாள். பேக்கரி தொடங்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் வேறெந்த நூலில் உண்டு? மருமகன் அதனைப் படித்து வாய்விட்டுச் சிரித்தான்.

பின்னர் அச்சுக்கூடம் தொடங்கியபோது கடனாளியாகவே தொடங்கினார். வாங்கிய கடதாசியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாமே தெருவழியே தள்ளிச் சென்றதுண்டு. உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, உழைப்பாளி என்று ஊரார் கண்ணுக்கும் தெரிய வேண்டும், கடன் கொடுப்பவர் அதையுந்தான் பார்க்கிறார் என்பதை அவர் மறைக்காமற் சொல்கிறார். இதைச் சூது என்பாரும் உளர். எமக்கு அது நேர்மையாகவே படுகிறது.

அவர் அச்சுத்தொழிலாளர் அல்லவா? நூலின் கடைசியிற் பிழைதிருத்தம் சேர்ப்பதைப் போலத் தம் வாழ்க்கையின் பிழைகளையும் அச்சுப்பிழைகள் என்றே பெயரிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். தமையனாரை விட்டு ஓடியது ஒன்று. வேர்ணன் என்பவரின் பணம் மற்றொன்று. தமக்கு வரவேண்டிய 35 பவுணைத் தண்டி, தாம் கேட்கும்வரை வைத்திருக்கும்படி வேர்ணன் இவரிடம் ஒப்படைத்தார். இவரோ அதிலிருந்து குடிகார நண்பன் ஒருவனுக்குக் கடன் கொடுத்துவிட்டார். இன்று கேட்பாரோ நாளை கேட்பாரோ என்று அந்த இளைஞன் பட்ட பாட்டை வணிகம் செய்யப் போகும் எவரும் படிக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வேர்ணன் நினைவூட்டியபோது, தவணை கேட்டு, வட்டியும் முதலும் நன்றியும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு பகுதியும் உண்டு. மிதமான உணவு, ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு என்று பதின்மூன்று நற்பண்புகளைக் குறித்துக்கொண்டு, ஒரு சிறு கொப்பியிலே வாரத்தின் ஏழு நாட்களுக்கும் சிவப்பு மையாற் கோடு கீறி, ஒவ்வோர் இரவும் அன்று செய்த பிழைகளுக்குக் கறுப்புப் புள்ளி வைத்தார். முன்னேற்ற நூல்கள் எழுதுவோர் பலர் இதனை எடுத்துக் காட்டி இங்கேயே நிறுத்திவிடுவர். பிராங்கிளின் நிறுத்தவில்லை. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிப் போனது என்கிறார். பிறகு ஈரப் பஞ்சினால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளை வைத்துக்கொண்டார். ஒழுங்கு என்னும் பண்பு தமக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை என்கிறார். எந்தப் பொருளையும் அதற்குரிய இடத்தில் வைக்க அவரால் இயலவில்லையாம். உலகம் போற்றும் ஒருவர் இதனைச் சொல்லும்போது, மேசை முழுவதும் சிட்டைகள் சிதறிக் கிடக்கும் எம் போன்றோருக்கு எவ்வளவு ஆறுதல்!

மருமகனுக்குத் தேநீர் வந்தது. குடித்தபடியே, "தமிழிலை இப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்றான். இருக்கிறது; ஆனால் அதன் கதை வேறுவிதமானது.

வ. உ. சிதம்பரம்பிள்ளையை எம்மவர் தேசபக்தராக அறிவர். அவர் ஒரு கப்பற் கொம்பனியின் கர்த்தா என்பதையும், அக்கப்பல்கள் தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையே ஓடின என்பதையும் மாணவர் நினைவில் வைப்பது நன்று. 1906 இல், பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள், மூலதனம் பத்து இலட்சம் என்று கொம்பனி பதிவாயிற்று. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907 இல் வந்தன. எதிரே நின்றது ஆங்கிலேயரின் பெருங் கொம்பனி. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாகவும் ஏற்றத் துணிந்தது. 1908 இல் சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டு, இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டிலே தண்டனை குறைக்கப்பட்டு, 1912 கடைசியில் வெளியே வந்தபோது கொம்பனி இல்லை. அது 1911 இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னர் 1936 இல் இறக்கும்வரை வறுமை அவரை விடவில்லை.

செக்கிழுத்த அந்தச் சிறையிலிருந்தபோதுதான் அவர் ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கிலேயரின் நூலைத் தமிழாக்கினார். அலன் 1903 இல் எழுதிய அச்சிறு நூலே தமிழில் 'மனம்போல வாழ்வு' ஆயிற்று. அலனின் இன்னொரு நூல் 'அகமே புறம்' என்னும் பெயரில் வந்தது. மனிதனின் நினைவுகளே அவன் வாழ்வை ஆக்குகின்றன என்பது அலனின் கொள்கை. இங்கேதான் எமக்குத் திகைப்பு. சிதம்பரம்பிள்ளையின் நினைவில் என்ன குறை இருந்தது, அவருடைய கப்பல் நிற்பதற்கு? மனத்தினால் ஆகாத காரியங்கள் உலகில் உண்டு என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? அறிந்தும் அந்நூலை எடுத்துப் பெயர்த்தார். தம் வாழ்க்கையையும் செய்யுளாக எழுதி வைத்தார். ஸ்மைல்சிடம் சிலர் கேட்ட அந்தத் தோல்விச் சரிதம் தமிழிலே இருக்கிறது என்று நாம் சொல்வது இதனையே. அலனின் போதனையை மட்டும் படிப்பவன் பாதி படித்தவன். பெயர்த்தவரின் வாழ்க்கையையும் பக்கத்திலே வைத்துப் படிக்க வேண்டும்.

எமது கடை மூடிய காலத்தில் இந்நூலைப் பலமுறை படித்தோம். அவருக்கு ஆங்கிலேயக் கொம்பனி, எமக்குப் பாதை என்று மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்த்ததும் உண்டு.

வேறு இரண்டு நூல்களையும் மருமகனிடம் சுருக்கமாகச் சொன்னோம். ஒன்று, பீற்றர் டிரக்கர் 1967 இல் வெளியிட்ட நூல். நிருவாகிகளுக்கென்று எழுதப்பட்டது, எனினும் ஓராள் கடைக்கும் பொருந்தும். திட்டம் போடுவதில் தொடங்காதே, உன் நேரம் எங்கே போகிறது என்று முதலில் எழுதிப் பார் என்பது அதன் முதற் பாடம். மற்றது வீட்டிலேயே இருப்பது. திருக்குறளில் நாற்பத்தேழாம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகையை எடுத்து, பரிமேலழகர் உரையோடு ஒருநாள் இருந்து படிக்கும்படி சொன்னோம். ஒரு தொழிலைத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லும் முதற் குறளில், வள்ளுவர் ஆக்கத்தையன்று, அழிவையே முதலில் வைக்கிறார். பின்னால் வரக்கூடிய இலாபத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்று அதே அதிகாரத்தில் எச்சரிக்கவும் செய்கிறார். இதனைச் சொல்லும்போது எமது தமக்கையாரின் காப்புகளை நினைத்துக்கொண்டோம். மருமகனும் நினைத்திருப்பான் போலும், அவன் பேசவில்லை.

மதிய உணவின் பின் நாம் சற்றே கண்ணயர்ந்தோம். எழுந்து வந்தபோது மருமகன் அலுமாரியின் முன்னே நிலத்தில் அமர்ந்திருந்தான். பிராங்கிளின் ஒருபுறம் கவிழ்ந்து கிடந்தது. மடியிலே எமது கடையின் பேரேடும் கடன் கொப்பியும் விரிந்திருந்தன. பழந்துணி அவிழ்ந்து பக்கத்திற் கிடந்தது.

"அம்மான், கடை மூடினது பாதை பூட்டினபடியாலை எண்டுதானே சொல்லுறனீங்கள்?"

"ஓம், 2006 ஆவணி."

"இதிலை சித்திரையோடை எழுத்து நிக்குது."

கொப்பியை வாங்கிப் பார்த்தோம். எமது கையெழுத்துத்தான். 2003, 2004 ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் வரவும் செலவும், யார் எவ்வளவு கடன் என்பதும் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன. 2005 கார்த்திகை தொட்டு எழுத்து விரைகிறது. சில நாட்கள் விடுபடுகின்றன. 2006 மாசியில், கடன்தொகை கூட்டப்படாமலே அடுத்த பக்கத்துக்குப் போகிறது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் வெறுந்தாள்.

பாதை மூடப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே நாம் கணக்கெழுதுவதை நிறுத்தியிருந்தோம். ஏன் நிறுத்தினோம் என்பதும் எமக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தால் வரும் தொகையைப் பார்க்க எமக்குத் துணிவில்லை. கடன்பட்டோர் பலர் வேண்டியவர்கள், கேட்கவில்லை. புறக்கோட்டையில் நாம் கொடுக்க வேண்டியது ஏறிக்கொண்டே போயிற்று. கடை திறந்துதான் இருந்தது, சனமும் வந்துகொண்டுதான் இருந்தது. நூல் அறுந்த தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியிற் பாதை மூடப்பட்டபோது எமக்கு உண்டான உணர்ச்சியை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அதிலே துக்கம் இருந்தது, அச்சம் இருந்தது, அவற்றோடு ஒரு சிறு நிம்மதியும் இருந்தது. இனி யாரும் எம்மைக் குறை சொல்லார் அல்லவா?

இதனை மருமகனிடம் சொன்னோம். பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையை மாற்றிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் எம்மைப் பாராமல் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, மாதம் எத்தனை வீதம் கடனாகப் போயிற்று, கடன் கேட்போருக்கு எந்த மாதத்திலே இல்லை என்று சொல்லியிருந்தால் கடை தப்பியிருக்கும் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினான். பென்சில் எடுத்துக் கூட்டினோம். விளக்கு வைக்கும் வேளைவரை இருவரும் கூட்டிக்கொண்டிருந்தோம். 2005 புரட்டாதியில் நிறுத்தியிருக்கலாம் என்று கணக்குச் சொல்லிற்று.

புறப்படும்போது பிராங்கிளினையும் 'மனம்போல வாழ்வை'யும் எடுத்துக்கொண்டான். சற்றுத் தயங்கி, கணக்குக் கொப்பிகளையும் கேட்டான். அதே பழந்துணியில் கட்டிக் கொடுத்தோம். பட்டியல் எழுதிய கடதாசியை எமது மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான்.

போறணை இன்னும் கட்டப்படவில்லை. முச்சக்கர வண்டியொன்றை நாள்வாடகைக்கு எடுத்து, வேறொருவரின் பேக்கரியிலிருந்து பாணும் பணிசும் வாங்கி, விடியற்காலையில் மூன்று ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்கிறான். மிஞ்சும் பாணின் எண்ணிக்கையை ஒவ்வோர் இரவும் தனிக்கொப்பி ஒன்றில் எழுதுகிறானாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தமக்கையார் எம் வீட்டுக்கு வந்தபோது இரு கைகளிலும் காப்புகள் இருந்தன. கொப்பிகளை எப்போது திருப்பித் தருவான் என்று கேட்டோம். "தனக்கு இன்னும் அலுவல் முடியேல்லையாம்" என்றார்.